1.0 டர்போவா, 1.5 லிட்டரா? குடும்ப செடானுக்கு இன்ஜின் தேர்வு செய்யும் கணக்கு

ஹோண்டா சிட்டியின் பெட்ரோல் இன்ஜின் 1,498 சிசி. அது தரும் உச்ச டார்க் 145 நியூட்டன் மீட்டர். ஸ்கோடா ஸ்லாவியாவின் சிறிய இன்ஜின் 999 சிசிதான். அதன் உச்ச டார்க் 178 நியூட்டன் மீட்டர். ஒன்றரை மடங்கு பெரிய இன்ஜின் குறைவாகவும், சிறியது அதிகமாகவும் இழுப்பது எப்படி என்ற கேள்வியோடுதான் பலர் ஷோரூமை விட்டு வெளியே வருகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார்களுக்கான ஜிஎஸ்டி மாறியபோது "சின்ன இன்ஜினுக்கு வரி குறைந்துவிட்டது" என்று பொதுவாகப் பரவிய செய்தி, செடான் வாங்க நினைத்தவர்களின் குழப்பத்தை இன்னும் கூட்டியது. 4.5 மீட்டருக்கு மேல் நீளமுள்ள சிட்டி, வெர்னா, ஸ்லாவியா, விர்டஸ் போன்ற கார்களை மனத்தில் வைத்து, இன்ஜின் அளவு என்பது எதைத் தீர்மானிக்கிறது, எதைத் தீர்மானிப்பதில்லை என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

சிசி எதை அளக்கிறது?

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் இடத்தின் கொள்ளளவுதான் சிசி. ஸ்லாவியாவில் வரும் 1.0 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) இன்ஜினில் ஒரு சிலிண்டரின் உள்விட்டம் 74.5 மில்லிமீட்டர்; பிஸ்டன் பயணிக்கும் தூரம் 76.4 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் ஒரு சிலிண்டருக்குச் சுமார் 333 கன சென்டிமீட்டர், மூன்று சிலிண்டருக்கு 999. உள்விட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பிஸ்டன் பயணத்தை 85.9 மில்லிமீட்டராக நீட்டி, நான்காவதாக ஒரு சிலிண்டரையும் சேர்த்தால் 1,498 சிசி வரும். அதே நிறுவனத்தின் 1.5 டிஎஸ்ஐ இன்ஜின் அதுதான்.

ஆக, சிசி என்பது பாத்திரத்தின் அளவு. பாத்திரத்துக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பது வேறு கணக்கு. இன்ஜின் எரிக்கக்கூடிய பெட்ரோலின் அளவை உள்ளே வரும் காற்றுதான் முடிவு செய்கிறது. டர்போ இல்லாத சாதாரண இன்ஜின், பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சுதலால் மட்டும் காற்றை இழுக்கிறது. டர்போ இன்ஜினில், வெளியேறும் புகையின் வேகத்தால் சுழலும் ஒரு சிறு விசிறி, இன்னொரு விசிறியைச் சுழற்றி காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. படியில் அரிசியைத் தலைதட்டி அளப்பதற்கும், குலுக்கி அமுக்கி அளப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. படி ஒன்றுதான், அரிசி ஒன்றல்ல. டர்போ உள்ள காரையும் இல்லாத காரையும் சிசியை மட்டும் வைத்து ஒப்பிடுவது இதனால்தான் பொருளற்றுப் போகிறது.

டார்க், குதிரைத்திறன், ஆர்பிஎம்

இன்ஜின் தண்டைத் திருகும் விசைக்குப் பெயர் டார்க், தமிழில் முறுக்குவிசை. அந்தத் தண்டு நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பது ஆர்பிஎம். விசையையும் சுற்றையும் பெருக்கினால் கிடைப்பதுதான் குதிரைத்திறன். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். ஒரு கிலோவாட் ஏறத்தாழ 1.36 குதிரைத்திறன்.

விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் அச்சாகும் குதிரைத்திறன் எப்போதும் உச்ச எண்தான். சிட்டியின் 121 குதிரைத்திறன் 6,600 ஆர்பிஎம்மில் வருகிறது. அதன் 145 நியூட்டன் மீட்டர் டார்க் 4,300-இல் வருகிறது. ஸ்லாவியா 1.0-இன் 178 நியூட்டன் மீட்டர் 1,750-இலேயே தொடங்கி 4,500 வரை நீடிக்கிறது. 1.5 டிஎஸ்ஐ இன்ஜின் தரும் 250 நியூட்டன் மீட்டர் 1,600-இலிருந்து 3,500 வரை கிடைக்கிறது. குடும்பத்தோடு போகும் ஒருவர் 6,600 ஆர்பிஎம்மை ஆண்டுக்கு ஒருமுறை தொட்டாலே அதிகம். அவர் பெரும்பாலும் ஓட்டுவது 1,500-க்கும் 3,000-க்கும் நடுவில். எனவே கேட்க வேண்டிய கேள்வி, அந்த இடைவெளியில் இன்ஜின் என்ன தருகிறது என்பதே.

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு சக்தி தேவை?

1,200 கிலோ எடையுள்ள கார், ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான் என்று மொத்தம் 1,600 கிலோவாக எடுத்துக்கொள்வோம். காற்றுத் தடையையும் டயர் உராய்வையும் இந்த வகைக் கார்களுக்குப் பொருந்தும் தோராய மதிப்புகளில் வைத்துக் கணக்கிட்டால் வருவது இது.

1. சமதளத்தில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தக்கவைக்க, சக்கரத்தில் சுமார் 18 குதிரைத்திறன் போதும்.

2. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் மலைச்சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, சுமார் 22 குதிரைத்திறன் போதும்.

3. 80-இலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு ஆறு விநாடியில் போக, சுமார் 65 குதிரைத்திறன் வேண்டும். நான்கே விநாடியில் போக வேண்டுமென்றால் அது 90-ஐத் தொடுகிறது.

முதல் இரண்டு எண்களைப் பார்த்ததும் பலருக்கு நம்பிக்கை வராது. நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு ஒரு பைக் இன்ஜின் போதும் என்பதுபோல் இருக்கும். கணக்கு உண்மையில் அப்படித்தான். காரை ஓடவைக்கப் பெரிய இன்ஜின் தேவையில்லை. ஓடிக்கொண்டிருக்கும் காரின் வேகத்தைக் கூட்டத்தான் தேவை. அதிலும், இருவழிச் சாலையில் கரும்பு லாரியைத் தாண்டும்போது எதிரே பேருந்து தெரிகிற அந்த நான்கைந்து விநாடிகளில்தான் தேவை.

இப்போது மூன்று இன்ஜின்களையும் 3,000 ஆர்பிஎம்மில் நிறுத்திப் பார்க்கலாம். சிட்டிக்குச் சலுகை காட்டி, அதன் உச்ச டார்க் முழுவதும் 3,000-இலேயே கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும் 62 குதிரைத்திறன்தான் வரும். 1.0 டர்போ 76 தரும். 1.5 டர்போ 107 தரும். இவை இன்ஜினில் கிடைப்பவை. சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் கியர்பாக்ஸ் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஆறு விநாடி ஓவர்டேக்குக்கு வேண்டிய 65-ஐ, அதே கியரில் இருந்தபடி, முதலாவது எட்டாது, இரண்டாவது ஏறத்தாழ எட்டும், மூன்றாவது தாராளமாக எட்டும்.

இதை வைத்து 1.5 சாதாரண இன்ஜினைச் சோப்ளாங்கி என்று முடிவு கட்டுவது தவறு. ஒரு கியர் குறைத்து 4,300 ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோனால் அதே சிட்டி 89 குதிரைத்திறன் தருகிறது; இன்னும் மேலே விட்டால் இன்னும் தரும். ஆனால் கியரைக் குறைக்கும் பழக்கம் ஓட்டுபவருக்கு இருக்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நினைத்து 50 கிலோமீட்டர் வேகத்திலேயே ஐந்தாவது கியருக்குப் போய், பிறகு எதற்கும் அதை விட்டு இறங்காதவர்கள் நம்மில் ஏராளம். அப்படிப்பட்ட கைக்கு மேனுவல் கியரோடு வரும் சாதாரண 1.5 இன்ஜின் உயிரற்றதாகவே தெரியும். தவறு இன்ஜினுடையது அல்ல.

மலைச்சாலையில் இரண்டு முகம்

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றைத் தானாக உறிஞ்சும் இன்ஜின் அந்த அளவு சக்தியை இழக்கிறது. 121 குதிரைத்திறன் இன்ஜின் அங்கே கிட்டத்தட்ட 97 குதிரைத்திறன் இன்ஜினாகச் சுருங்குகிறது. டர்போ இன்ஜின் விசிறியை இன்னும் வேகமாகச் சுழற்றி இந்த இழப்பின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. எனவே மலைக்கு டர்போதான் என்ற கருத்தில் உண்மை உண்டு.

ஆனால் அது பாதி உண்மை. கல்லாறு தாண்டி குன்னூரை நோக்கி ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவை நினைத்துப் பாருங்கள். மேலிருந்து லாரி இறங்குகிறது. நீங்கள் ஒதுங்கி, வேகம் பத்து பதினைந்துக்கு விழுகிறது. கியர் இரண்டில் இருக்கிறது. ஆர்பிஎம் 1,500-க்கும் கீழே போய்விட்டது. லாரி கடந்ததும் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீர்கள். புகையின் ஓட்டம் குறைவாக இருப்பதால் டர்போ விசிறிக்கு இன்னும் வேகம் பிடிக்கவில்லை. அந்த ஒன்றிரண்டு விநாடிகளுக்கு உங்களிடம் இருப்பது அழுத்தப்பட்ட காற்று இல்லாத வெறும் 999 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். மேலே ஏசியும் ஐந்து பேரும். கார் தயங்குகிறது, நடுங்குகிறது, முதல் கியருக்கு இறங்கினால்தான் நகர்கிறது. இந்தத் தயக்கத்துக்கு டர்போ லேக் என்று பெயர். இதே வளைவில் சாதாரண 1.5 இன்ஜின், மெதுவாகத்தான் என்றாலும், மிதித்த அளவுக்கு உடனே பதில் சொல்லும். 1.5 டர்போவிலும் லேக் உண்டு. அடியில் தாங்க 1,498 சிசி இருப்பதால் அது அவ்வளவாக உறுத்தாது.

நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட வால்பாறைச் சாலையிலும், எழுபது வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையிலும் 1.0 டர்போ மேனுவல் காரை எடுத்துச் செல்பவர் ஒவ்வொரு வளைவிலும் இந்தச் சிறு பேரத்தை நடத்த வேண்டியிருக்கும். ஆட்டோமேட்டிக் என்றால் கியரை அதுவே குறைத்துக்கொள்வதால் சிரமம் பெரிதும் குறைந்துவிடும்.

வரியும் இன்சூரன்சும் சிசியை எப்படிப் பார்க்கின்றன?

புதிய ஜிஎஸ்டி முறையில் பெட்ரோல் கார் 18 சதவீத வரிக்குள் வர இரண்டு நிபந்தனைகள் உண்டு: இன்ஜின் 1,200 சிசிக்குள் இருக்க வேண்டும், நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே பொருந்த வேண்டும். டிசையர் 1,197 சிசி, 3,995 மில்லிமீட்டர், அது தேறிவிடுகிறது. ஸ்லாவியாவின் இன்ஜின் 999 சிசிதான் என்றாலும் காரின் நீளம் 4.5 மீட்டரைத் தாண்டுவதால் 40 சதவீதம். அதன் 1.5 லிட்டர் வடிவத்துக்கும் அதே 40 சதவீதம். நடுத்தர செடானில் சின்ன இன்ஜின் எடுத்தால் ஜிஎஸ்டி விகிதத்தில் எதுவும் மிச்சமில்லை.

முன்பு நிலைமை சற்று வேறு. 28 சதவீத ஜிஎஸ்டியோடு, 1,500 சிசி வரையுள்ள நடுத்தரக் கார்களுக்கு 17 சதவீத செஸ் சேர்ந்து 45 ஆனது. 1,500-ஐத் தாண்டினால் 20 சதவீத செஸ் சேர்ந்து 48. இந்தப் பிரிவில் பல நிறுவனங்கள் 1,497, 1,498 என்று கோட்டைத் தொடாமல் நின்றதற்கு அந்த எல்லை ஒரு முக்கியக் காரணம். நாலு மீட்டரைத் தாண்டிய கார்களுக்கு அந்தக் கோடு இப்போது ஜிஎஸ்டியில் அழிந்துவிட்டது.

இன்சூரன்சில் அது இன்னும் இருக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப் பட்டியலின்படி, புதிய காருக்குச் சேர்த்து எடுக்க வேண்டிய மூன்றாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக்கு 1,000 சிசி வரை 6,521 ரூபாய்; 1,500 சிசி வரை 10,640 ரூபாய்; அதற்கு மேல் 24,596 ரூபாய். 999 சிசி இன்ஜினுக்கு இங்கே மூன்று ஆண்டுக்கு நாலாயிரம் ரூபாய்ச் சொச்சம் லாபம். முடிவை மாற்றும் தொகை அல்ல.

தமிழ்நாட்டின் சாலை வரி சிசியைப் பார்ப்பதே இல்லை, விலையைப் பார்க்கிறது. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள கார்களுக்கு 18 சதவீதம். பெரிய இன்ஜினுக்காக இரண்டு லட்சம் கூடுதலாகக் கொடுத்தால், சாலை வரியில் மட்டும் இன்னொரு 36,000 ரூபாய் சேரும். பெரிய இன்ஜினின் உண்மையான வரிச்சுமை சுற்றிக்கொண்டு இந்த வழியாகத்தான் வருகிறது.

மைலேஜ்

சக்தி கூடிய இன்ஜின் அதிகம் குடிக்கும் என்ற பொது நம்பிக்கையை நிறுவனங்கள் அறிவிக்கும் எண்கள் ஆதரிப்பதில்லை. 2023 மார்ச்சில் புதிய வெர்னா வந்தபோது 115 குதிரைத்திறன் தரும் சாதாரண 1.5 மேனுவலுக்கு லிட்டருக்கு 18.6 கிலோமீட்டர் என்றும், 160 குதிரைத்திறன் தரும் 1.5 டர்போ மேனுவலுக்கு 20 கிலோமீட்டர் என்றும் அறிவிக்கப்பட்டது. காரணம், மைலேஜ் சோதனையில் கார் மிக மென்மையாக ஓட்டப்படுகிறது. அங்கே டர்போ பெரிதாக வேலை செய்வதே இல்லை, நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் முறையின் சிக்கனம் மட்டும் தெரிகிறது. 1.5 டிஎஸ்ஐ இன்ஜின் சுமை குறைவான நேரத்தில் இரண்டு சிலிண்டர்களை உறங்கவைத்து மிச்சம் பிடிக்கிறது.

சாலையில் நிலைமை வலது காலைப் பொறுத்தது. அமுக்கிய காற்றுக்கு அமுக்கிய அளவு பெட்ரோல் வேண்டும். டர்போவின் சுகத்தை அடிக்கடி அனுபவிப்பவர் அதற்கான விலையைப் பெட்ரோல் பங்க்கில் கொடுப்பார். நகர நெரிசலில் ஒரு கார் லிட்டருக்கு 14, இன்னொன்று 12 என்றால், ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டரில் வித்தியாசம் சுமார் 119 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் கணக்கில் 12,000 ரூபாய். மாதம் ஆயிரம். இதோடு, 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் அடங்கியுள்ள ஆற்றல் வெறும் பெட்ரோலைவிட ஆறேழு சதவீதம் குறைவு என்பதால், பழைய காரில் கிடைத்த எண்ணைப் புதிய காரில் எதிர்பார்ப்பது வீண் ஏமாற்றம்.

ஆண்டுக்கு இருபதாயிரம், இருபத்தைந்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவர்கள் முன்பு டீசலுக்குப் போவார்கள். 2023-இல் கடுமையான புகை விதிகள் வந்தபோது சிட்டியும் வெர்னாவும் டீசலைக் கைவிட்டன. அந்த இடத்தில் இப்போது நிற்பது சிட்டியின் ஹைபிரிட். அதில் 1.5 லிட்டர் இன்ஜின் பெரும்பாலான நேரம் மின்சாரம் தயாரிக்கிறது, காரை மோட்டார் ஓட்டுகிறது. நெரிசலில்தான் அதன் சிக்கனம் அதிகம். விலையும் கூடுதல், பேட்டரி டிக்கியில் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது.

இன்ஜினோடு ஒட்டிவரும் கியர்பாக்ஸ்

இன்ஜினைத் தேர்ந்தெடுக்கும்போது, பெரும்பாலும் தெரியாமலேயே, கியர்பாக்ஸையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். சிட்டியின் ஆட்டோமேட்டிக், கியர் படிகள் இல்லாமல் தொடர்ச்சியாக மாறும் சிவிடி வகை. வெர்னாவின் சாதாரண 1.5-க்கும் அதே வகைதான், பெயர் மட்டும் ஐவிடி. ஸ்லாவியா, விர்டஸ் 1.0-க்கு ஆறு கியர் டார்க் கன்வர்ட்டர். 1.5 டிஎஸ்ஐக்கும் வெர்னா டர்போவுக்கும் ஏழு கியர் இரட்டை கிளட்ச். இரட்டை கிளட்ச் நெடுஞ்சாலையில் மின்னல்போல் கியர் மாற்றும்; ஆனால் காலை எட்டரை மணிக்குச் சிக்னலுக்குச் சிக்னல் ஊர்ந்து போகையில் உள்ளே இரண்டு கிளட்சும் தேய்ந்தும் ஒட்டியும் சூடாகின்றன. டார்க் கன்வர்ட்டரில் திரவம் அந்த வேலையைச் செய்வதால் ஊர்தல் அதற்குப் பெரிய பாரமில்லை. தினமும் ஒன்றரை மணிநேரம் நெரிசலில் இருப்பவருக்கு இந்த வேறுபாடு 1.0, 1.5 டிஎஸ்ஐ இன்ஜின்களுக்கு இடையிலுள்ள 35 குதிரைத்திறன் வேறுபாட்டைவிட முக்கியமானது என்பது என் கருத்து.

எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள்?

டர்போ விசிறி நிமிடத்துக்கு லட்சத்தைத் தாண்டும் சுற்றுகளில், கடும் வெப்பத்தில் ஓடுகிறது. அதை முக்கியமாகக் காப்பது இன்ஜின் ஆயில்தான். சொன்ன தரத்தில், சொன்ன காலத்தில் ஆயில் மாற்றாதவர் டர்போ வாங்காமல் இருப்பது நல்லது. நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின்களில் உள்வாங்கும் வால்வுகளைப் பெட்ரோல் கழுவுவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அங்கே கரி படியும். பழைய முறையில் பெட்ரோல் பீய்ச்சும் வெர்னாவின் சாதாரண 1.5 இன்ஜினில் இந்தத் தொல்லை இல்லை. காரைப் பன்னிரண்டு ஆண்டு வைத்திருந்து, உத்தரவாதக் காலம் முடிந்ததும் ஊரிலுள்ள மெக்கானிக்கிடம் விடும் குடும்பங்களுக்கு டர்போ இல்லாத 1.5 இன்ஜினின் எளிமை பெரிய சொத்து.

தேர்வு

பெரும்பாலும் ஊருக்குள் ஓட்டம், எப்போதாவது நெடும்பயணம், நீண்ட காலம் வைத்திருக்கும் எண்ணம் என்றால் சாதாரண 1.5 இன்ஜினும் சிவிடியும் போதும். அடிக்கடி நாற்கரச் சாலையில் இருவர், மூவராகப் போகிறவருக்கு 1.0 டர்போ நன்கு ஒத்துவரும். ஆட்டோமேட்டிக்காக இருந்தால் இன்னும் நல்லது. மாதம் இரண்டு முறையாவது முழுச் சுமையோடு இருவழிச் சாலையிலோ மலையிலோ போகிறவருக்கு மட்டுமே 1.5 டர்போவுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் நியாயமாகிறது. மற்றவர்கள் அதை ஆசைக்காக வாங்கலாம், தவறில்லை. அதற்குத் தேவை என்று பெயர் வைக்க வேண்டாம்.

டெஸ்ட் டிரைவில் இதையெல்லாம் இருபது நிமிடத்தில் சோதித்துவிடலாம். விற்பனையாளரும் நீங்களும் மட்டும் வெறும் காரில் போனால் எல்லா இன்ஜினும் நன்றாகவே இருக்கும். வீட்டிலிருந்து மூன்று பேரையாவது பின்னால் ஏற்றி, ஏசியை முழுதாக வைத்து, ஒரு வேகத்தடையில் இரண்டாவது கியரிலேயே ஏறி இறங்குங்கள். அடுத்து ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில் 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்குக் கொண்டுபோங்கள். மிதித்ததற்கும் கார் நகர்வதற்கும் நடுவில் எத்தனை எண்ண முடிகிறது என்று பின்சீட்டில் இருப்பவரை எண்ணச் சொல்லுங்கள்.